இரைச்சல் என் காதில் இல்லை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், என் காதுக்கு ஒரு குறையும் இல்லை!

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை, நீ வாங்கித் தந்த ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்கிறேன் அல்லவா, அப்பா என் மேஜையை ஒழுங்குபடுத்திய நாளிலிருந்து அதற்குள் ஒரே இரைச்சல். டாக்டர் மூச்சு வாங்கும் இடத்தில்கூட வண்டு மாதிரி ம்ம்ம் என்று ஒரு சத்தம், நடுநடுவே இடது பக்கம் செத்துச் செத்துப் பிழைத்தது. மருந்தின் அளவைத் தப்பாக அடித்துவிட்டேன், ஃபைல் திரும்பி வந்தது. மேற்பார்வை பார்க்கிற அம்மாள், "இன்னொரு தடவ இப்படி வந்தா வேற ஆளுக்குக் குடுக்க வேண்டியதுதாம்மா, உயிர் சமாச்சாரம்" என்று சொல்லிவிட்டார். அப்பாவோ, "வயசாயிடுச்சுல்ல, காதைக் காட்டிட்டு வா" என்றார். நீயாவது விட்டாயா, "போதும்மா, வேலைய விட்டுட்டு ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்க" என்றாய். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவதைப் படுக்கையிலிருந்தே கேட்கிறவளை ஆளாளுக்கு மூலையில் உட்கார வைக்கப் பார்த்தீர்கள்.

செவ்வாய்க்கிழமை பால் பொங்கப் போகிறதே என்று லேப்டாப்பை அடுப்படிக்கே தூக்கிக்கொண்டு போகப் பார்த்தேன், அதற்காகச் சார்ஜரைப் பிடுங்கினேன், சொன்னால் நம்பமாட்டாய், இரைச்சல் அப்படியே நின்றுவிட்டது. திரும்பச் சொருகினேன், வந்தது. பிடுங்கினேன், போனது. பால் பொங்கி வழிந்ததைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. மேஜைக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் உன் அப்பாவின் கைவேலை! பார்சல் ஆபீசில் காலமெல்லாம் கட்டுப் போட்ட கை, ஒரு ஒயர் தொங்கினால் அவருக்குப் பொறுக்காதே. சார்ஜர் ஒயரையும் ஹெட்போன் ஒயரையும் சேர்த்துச் சுருட்டி, டேப் ஒட்டி, ஊருக்கு அனுப்புகிற பார்சல் மாதிரி கட்டி வைத்திருக்கிறார். போதாததற்கு, எல்லா பிளக்கும் ஒரே வரிசையில் அழகாக இருக்க வேண்டுமென்று மூன்று முனை பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் சொருகி, எர்த்துக்கே வழியில்லாமல் செய்துவிட்டார், எர்த் இல்லாவிட்டால் இரையத்தானே செய்யும். அடாப்டரைக் கழற்றி எறிந்து சார்ஜரை நேராகச் சுவரில் சொருகினேன், கட்டை அறுத்து இரண்டு ஒயரையும் ஆளுக்கொரு பக்கம் விட்டேன். வண்டு ஒழிந்தது. ஆனாலும் இடது பக்கம் விட்டு விட்டுத்தான் கேட்டது, ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனால் கட்டு இறுகிய இடத்தில் மடிந்து கிடந்தது, அங்கே அசைத்தால் சத்தம் போகிறது வருகிறது. அப்பாவைக் கூப்பிட்டு அவர் காதிலேயே மாட்டி அசைத்துக் காட்டினேன். மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு போய் ஹெட்போனுக்குப் புது ஒயர் வாங்கி வந்தார். அதையும் சுருட்டப் போனார், கையைத் தட்டிவிட்டேன்.

அடுத்த ஃபைல் ஒரு பிழையில்லாமல் போனது. அதற்கடுத்ததும். மற்றவர்கள் புரியவில்லை என்று திருப்பி அனுப்பியதைக்கூட இப்போது எனக்குத்தான் அனுப்புகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்.

நீ கூப்பிட்டபடி நாங்கள் வருகிறோம், ஆனால் தங்கிவிடுவதற்கு இல்லை. அந்த அம்மாளிடம் லீவு கேட்டேன், "போயிட்டு வாங்க, ஆனா சீக்கிரம் வந்துடுங்க, உங்க இடத்துல உக்கார வேற ஆள் இல்ல" என்றார். அதைக் கேட்டதிலிருந்து வீட்டில் பாட்டாகப் பாடிக்கொண்டிருக்கிறேன், அப்பாதான் காதைப் பொத்திக்கொள்கிறார்.

நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். விமான டிக்கெட் எடுக்கும்போது மறக்காமல் திரும்பி வருவதற்கும் சேர்த்தே எடு.

இப்படிக்கு,
லீவில் வரப்போகிற உன் அம்மா