பழசும் கூட இருக்கட்டும்

இன்று காலை என் கணினியில் அதை இயக்கும் அடிப்படை நிரலான கெர்னலைப் புதிதாக ஏற்றிவிட்டு மறுபடி தொடங்கினேன். எந்தக் கெர்னலில் எழுவது என்று கேட்டு, கறுத்த திரையில் இரண்டு வரிகள் வந்தன. மேலே புதியது, கீழே பழையது. இத்தனை வருடமாகியும் பழையது இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் புதியதைத் தட்டுகிறேன். எல்லாம் உன்னால்தான்டா.

சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் நாம் இருவரும் ஒரே கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்த எண்பதுகள் அவை. கடலோர வைத்திக்குப்பத்திலிருந்து கையில் மண்ணெண்ணெய் வாசனையோடு வந்து உட்காருவாய். உன் அண்ணன் அப்போதுதான் மீன்பிடிக்கிற படகுக்கு மண்ணெண்ணெய் மோட்டார் மாட்டியிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை கூடுதலாகச் சில டெர்மினல்களைச் சேர்க்கவேண்டியிருந்தது. அதற்காக, இயந்திரம் முழுவதையும் கட்டி மேய்க்கிற கெர்னலையே நீ புதிதாகக் கம்பைல் செய்தாய். டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று மேனேஜர் கத்தினார்.

"பழச அழிச்சித் தொலைய்யா!"

நீ அசையவில்லை. "புதுசு எழுந்து நிக்கட்டும் சார். அதுவரைக்கும் பழசும் கூட இருக்கட்டும்."

புதியதை வைத்து இயந்திரத்தைப் பூட் செய்தாய். நாலைந்து வரிகள் ஓடின. ‘பானிக்’ என்று ஒரு சொல் விழுந்ததோடு எல்லாம் நின்றுபோனது. மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நீ சிரித்துக்கொண்டே பழைய கெர்னலின் பெயரைத் தட்டினாய். இயந்திரம் எழுந்தது. எனக்கு உன் காலிலேயே விழலாம் போலிருந்தது.

கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது சொன்னாய்: "நாளைக்கு மோட்டாரப் போட்டு மொத தடவையா தூரமாப் போறோம்டா."

"பாய்மரத்துப் பாய் இருக்குதுல்ல?"

"கழட்டி வச்சாச்சி. மோட்டாரு இருக்கறப்ப அது எதுக்கு? வெறும் பாரம்."

"டேய், ஆபீஸ்ல என்னா பேச்சு பேசன? இப்ப பாய விட்டுட்டுப் போறன்ற?"

"இது கம்ப்யூட்டர் இல்லடா, கடலு. எனக்குத் தெரியாதா?"

வெளியே காற்று சுத்தமாக நின்றிருந்தது. தென்னை ஓலைகூட அசையவில்லை. எனக்கு அது பிடிக்கவேயில்லை.

மறுநாள் மத்தியானம் காற்று கிளம்பியது; நான் வைத்திக்குப்பத்துக்கு ஓடினேன். பாய் வைத்திருந்த படகுகள் தட்டுத்தடுமாறிக் கரைக்கு வந்தன. அவற்றில் ஒன்றிலிருந்து இறங்கியவர், கரையில் காத்திருந்த எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"மோட்டாரு நின்னுபோச்சி. அண்ணனும் தம்பியும் கயித்த இழுத்து இழுத்துப் பாத்தாங்க. எங்களால கிட்டப் போவ முடியல."

உங்கள் பாய் சுருட்டிய மேனிக்கு மணலில் கிடந்தது. உன் அம்மா அதன்மேல் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருட்டிய பிறகும் எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். நீ அழிக்கவிடாத பழைய கெர்னலில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது அழுகையில்லை, கோபம். ஒரு இரும்புப் பெட்டிக்குப் பார்த்த பத்திரத்தை உன் உயிருக்குப் பார்க்கத் தெரியவில்லையேடா, பாவி!

இன்று புதியது ஒழுங்காகவே எழுந்துவிட்டது. பழையதை நீக்கிவிடவா என்று கணினி கேட்டது.

வேண்டாம் என்று தட்டினேன்.