சிவப்பு ஸ்டிக்கர்

4 ஜூன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் பாடுதான் தெரியவில்லை. ஒரு மாதமாகக் கடிதமும் இல்லை, போனும் எடுப்பதில்லை. போன தடவை அனுப்பிய போட்டோவில் தலையை ஒழுங்காக வாரவில்லை. ரத்தப் பரிசோதனை வேலை பார்க்கிறவள் இப்படியா இருப்பது? சட்டைக் கம்பெனியில் செக்கிங்கில் இப்போதும் நான்தான் மூத்தவள். என் கண்ணுக்குத் தப்பி ஒரு சட்டை பெட்டிக்குள் போகாது. உடனே பதில் போடு.

உன் அம்மா

11 ஜூன்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூன்று வாரமாக வேலைக்குப் போகவில்லை. கடைசி நாள் ஒரே ரத்தக்குப்பியில் எழுதியிருந்த பெயரைப் பத்துத் தடவை சரிபார்த்தேன். பிறகு கை நகரவில்லை. இப்போது குளிக்கக்கூட எழ முடியவில்லை. மனச்சோர்வு என்கிறார் டாக்டரம்மா.

"சின்ன வயசுல உங்கம்மா உன்னைப் பாராட்டினது ஏதாவது சொல்லும்மா" என்று கேட்டார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஸ்டிக்கரைப் பற்றித்தான் சொன்னேன். குறையுள்ள சட்டையில் ஒட்டுகிற சிவப்பு ஸ்டிக்கரை வீட்டுக்கும் கொண்டுவருவாயே. சரியாகக் கழுவாத தட்டில், கோணலாக மடித்த துணியில், என் கணக்கு நோட்டில் ஒட்டுவாய். அண்ணன் நோட்டில் ஒட்டினால், அவன் அதைப் பிய்த்துக் கதவில் ஒட்டிவிட்டு விளையாடப் போய்விடுவான். நான் என் நோட்டில் இருப்பதையே பார்த்து அழுதுகொண்டிருப்பேன். எல்லாப் பிள்ளைக்கும் அது இப்படி மனசுக்குள் இறங்காது என்கிறார் டாக்டரம்மா. என் சுபாவமும் ஒரு காரணமாம். உன்னை மட்டும் குற்றம் சொல்லவில்லை.

வந்து ஒரு வாரம் என்னோடு இரு அம்மா. எதையும் திருத்தாமல் சும்மா இரு.

மகள்

16 ஜூன்

பாப்பா,

படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பா போன பிறகு நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்து உங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கினேன். நாலு பேர் குறை சொல்லுமுன் நானே சொன்னேன், அவ்வளவுதான். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்று சும்மாவா சொன்னார்கள்? சரி, லீவு சொல்லி டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். மாதக் கடைசியில் வருகிறேன். அதுவரை காலையில் ஆறு மணிக்கு எழு. வீட்டைப் பெருக்கித் துடை. எல்லாம் சரியாகிவிடும்.

உன் அம்மா

22 ஜூன்

அம்மா,

நீ வருகிறாய் என்று தெரிந்ததும் எழுந்துவிட்டேன். இரண்டு நாள் தரையைத் துடைத்தேன், ஜன்னலைத் துடைத்தேன், கட்டிலுக்கு அடியில் புகுந்து மூலைத் தூசியை எடுத்தேன். விரலில் தோல் உரிந்துவிட்டது. அப்படியும் ஏதாவது உன் கண்ணில் படும் என்று தோன்ற, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு. கோபத்தில் எழுதவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் தேவலை என்று தினமும் நினைக்கிறேன். ஆனால் நீ வருகிறாய் என்றால் பயமாக இருக்கிறது. வராதே அம்மா.

மகள்