அப்பா இடம்

பிப்ரவரி 9

மாமாவுக்கு,

வணக்கம். நான் நல்லா இருக்கேன். நீங்களும் அத்தையும் எப்படி இருக்கீங்க? போன்ல பேசினா எஞ்சின் சத்தத்துல மந்தமாயிட்ட உங்க காதுக்குக் கேக்கல, எனக்கும் வாய் வரல. அதனால அத்தை சொன்ன மாதிரி கடிதமே போடறேன்.

புது ஆபீஸ்ல சேந்து ஆறு வாரம் ஆச்சு. மூணாவது மாடி. மேஜை ஜன்னல் பக்கம். ஜன்னலைத் தொறக்க முடியாது, ஸ்க்ரூ போட்டு இறுக்கிட்டாங்க. முன்ன மாதிரி கடலுக்குப் போய் சர்வே எடுக்கற வேலை இல்ல. மத்தவங்க அளந்து அனுப்பற ஆழத்தைச் சரிபாக்கறேன். எண் தப்பா இருந்தா அடிக்கோடு போடணும்.

ரூம் சின்னது. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ரெண்டு தட்டு. ரெண்டாவது தட்டை எதுக்குக் கொண்டுவந்தேன்னு தெரியல. கழுவறப்போ ரெண்டையும் கழுவறேன்.

தூங்கறேனான்னு அத்தை கேட்டாங்க. தூங்கறேன். எடை பாத்தேன், நாலு கிலோ கம்மி. அத்தைகிட்ட ஒரு கிலோன்னு சொல்லுங்க.

வர்ற பதினேழாம் தேதியோட உங்க பொண்ணு போய் ஒன்பது மாசம். காலையில தலை வலிக்குதுன்னா. மத்தியானம் டாக்டர் வெளிய வந்து சொன்னார். அதைப் பத்தி இதுக்கு மேல எனக்குச் சொல்ல வரல.

அங்க கடல் காப்பகம் வரப்போகுதுன்னு கேள்விப்பட்டேன். மேப் வந்துடுச்சா?

இப்படிக்கு,
மாப்பிள்ளை


பிப்ரவரி 20

அன்பு மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைச்சுது. கடிதமா அது? மருந்துக்கடைச் சீட்டு மாதிரி இருக்கு. உங்க அத்தை நாலு தரம் வாசிக்கச் சொன்னா. ஒரு கிலோதான் குறைஞ்சிருக்காம்னேன். "அப்போ நாலு இருக்கும்"னா. ஒழுங்கா சாப்பிடுங்க.

மேப் வந்துடுச்சு. ஐஸ் கம்பெனி சுவத்துல ஒட்டியிருக்காங்க. பச்சைக்குள்ள மீன் பிடிக்கலாம். மஞ்சளுக்குள்ள தூண்டில் மட்டும். சிவப்புக்குள்ள படகு நிக்கவே கூடாது. அவ்வளவு பெரிய தாள்ல சிவப்புக் கட்டம் ஒரு தீப்பெட்டி அளவு. இத்தனை பெரிய கடல் கிடக்க, அந்தத் தீப்பெட்டியை எங்க வச்சிருக்கானுங்க தெரியுமா? என் தலையில.

பதினோரு பாகம் ஆழத்துல எனக்கு மீன் அடையற ஒரு பாறை இருக்குன்னு கேட்டிருப்பீங்க. சிவப்பு சரியா அது மேல. கரையில ரெண்டு பொருளைக் குறி வச்சுக்கணும். ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு மறையற வரைக்கும் படகை ஓட்டணும். இன்னொரு பக்கம் வேற ரெண்டு. ரெண்டு ஜோடியும் ஒரே நேரத்துல மறைஞ்சா, அடியில பாறை. ஒரு படகு நீளம் தள்ளிப் போனாலும் வெறும் மணல். என்னென்ன பொருள்னு இதுல எழுத மாட்டேன். தபால்காரர் எங்க மீனவர் சங்கத்து ஆளோட மச்சான்.

அந்த இடம் தெரிஞ்ச உயிர் ரெண்டே ரெண்டு. ஒண்ணு நான். இன்னொண்ணு இருபத்திரெண்டு வருஷமா என் படகுல வர்ற நம்ம ரேடியோ. பாப்பாவுக்கும் சொல்லிக் குடுத்திருந்தேன், பன்னெண்டு வயசுல. அவ இப்போ யார்கிட்ட போய்ச் சொல்லப் போறா.

மிச்சம் யாரு? வாயை மூடத் தெரியாமத்தானே அவனுக்கு அந்தப் பேரு. நேத்துல இருந்து அவனைப் படகுல ஏத்தல.

மார்ச் 28 கருத்துக் கேட்புக் கூட்டம். சங்கத்துல எல்லாரும், "உங்க மருமகன் இந்த வேலையில ஊறினவராச்சே, அவரை மனு எழுதச் சொல்லுங்க"ங்கறாங்க. எழுதி அனுப்புங்க. அந்தப் பாறை இருக்கற புள்ளியை அவங்களுக்கு யார் குடுத்தாங்கன்னும் விசாரிங்க.

சமையல்ல எண்ணெயைக் குறைக்க வேண்டாம்னு அத்தை உங்ககிட்ட சொல்லச் சொன்னா.

அன்புடன்,
மாமா


மார்ச் 2

மாமாவுக்கு,

ஆட்சேபணை மனு இதோட இருக்கு. மூணு பக்கம். எத்தனை படகு சுத்திப் போகணும், டீசல் எவ்வளவு கூடும், காத்து மாறற மாசத்துல திரும்பறது ஏன் ஆபத்து, எல்லாம் வரிசையா போட்டிருக்கேன். கோவமா எதுவும் எழுதல. கோவத்தை அவங்க படிக்க மாட்டாங்க.

மீன் குறையுதுங்கறதை மனுவுல மறுக்கல. பத்து வருஷத்து அளவு என் மேஜையில இருக்கு. குறையுது. அதை மறுத்தா மத்ததையும் நம்ப மாட்டாங்க.

ரேடியோ அண்ணனைப் படகுல ஏத்திக்கோங்க. அவரா இருக்காது.

இங்க குழாய் ஒழுகுச்சு. வாஷர் மாத்தினேன். இப்போ ஒழுகல.

மாப்பிள்ளை


மார்ச் 10

மாப்பிள்ளைக்கு,

மனு வந்துது. வக்கீலே தோத்துடுவார். நாப்பத்தியாறு பேர் கையெழுத்துப் போட்டாச்சு.

"அவரா இருக்காது"ன்னு ஒரே வரியில எழுதிட்டு வாஷருக்குப் போயிட்டீங்க. எப்படித் தெரியும் உங்களுக்கு? நீங்க அந்த ஆபீஸ்ல இருக்கறவர். தெரிஞ்சா பேரைச் சொல்லுங்க.

இங்க நிலைமை சரியில்ல. அவன் தெருவுல நடந்தா பசங்க வாய்ல 'கொர்ர்'னு சத்தம் போட்டு, கைல ஏதோ திருகற மாதிரி காட்டி, "ஆஃப் பண்ணுடா"ங்கறானுங்க. ஐஸ் கம்பெனியில அவனுக்கு ஐஸ் இல்லன்னுட்டாங்க. ஒருநாள் வாசல்ல வந்து நின்னான். "அண்ணே, இந்த ஊர்ல யார் வீட்டுல என்ன கொழம்புங்கற வரைக்கும் நான் சொல்லுவேன். உங்க இடத்தை மட்டும் சொன்னதில்ல. பேசறதுக்கு எனக்கு வேற விஷயமா இல்ல?"ன்னான். நான் உள்ள போயிட்டேன். அதுக்கப்புறம் அவன் யார்கிட்டயும் பேசறதில்ல. அவன் பொண்டாட்டி வந்து அத்தைகிட்ட அழுதுச்சு. "வீட்டுல கடிகாரச் சத்தம் கேக்குதுக்கா, கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் அதைக் கேட்டதே இல்ல"ன்னுச்சாம்.

சங்கத்துல முடிவு பண்ணிட்டாங்க. 28ஆம் தேதி கூட்டத்துல எல்லார் முன்னாலயும் அவன் பேரைச் சொல்லி சங்கத்துல இருந்து நீக்கணும். தலைவர்ங்கறதால நான்தான் வாசிக்கணும். வாசிச்சுட்டா அவன் இந்தக் கரையில தொழில் பண்ண முடியாது.

தெரிஞ்சா சீக்கிரம் எழுதுங்க.

மாமா


மார்ச் 14

மாமாவுக்கு,

அது நான்.

நடந்ததை வரிசையாவே எழுதறேன். கல்யாணம் ஆன மூணாவது மாசம், ஒரு லீவு நாள்ல, உங்க சின்னப் படகை எடுத்துட்டு ரெண்டு பேரும் போனோம். அவதான் ஓட்டினா. கரையைத் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போனவ திடீர்னு எஞ்சினை அணைச்சா. "ஆழம் பாரு"ன்னா. கல் கட்டின கயித்தை இறக்கினேன். இருபது மீட்டர். "இதுதான் அப்பா இடம். எங்கம்மாவுக்கே தெரியாது"ன்னா. என் கைல இருந்த ஜிபிஎஸ்ஸைப் பிடுங்கி அந்த இடத்தை அவளே பேர் போட்டு அடிச்சா. "அப்பாவுக்கு அப்புறம் எனக்கு மறந்துட்டா? இருக்கட்டும். ஆனா இது உன் ஆபீசுக்கு இல்ல, ஆமா"ன்னா. சரின்னேன். அன்னைக்கு மீன் பிடிக்கல. சும்மா உக்காந்திருந்தோம்.

அவ போன மூணாவது மாசம் பழைய ஆபீஸ்ல இருந்து, என் ஜிபிஎஸ் மெஷின்ல இருக்கற எல்லாப் புள்ளியும் வேணும்னு கேட்டாங்க. நானூத்திப் பன்னெண்டு வரி. சொந்தப் புள்ளியை நீக்கிட்டுத்தான் அனுப்பணும். அதுதான் முறை. மெஷின்ல இருந்து நேரா வர்ற ஃபைலைத்தான் ஏத்துப்பாங்க, அதனால மெஷின்லயே அழிக்கணும். ஏழாவது வரி 'அப்பா இடம்'. அழிக்கற பொத்தான்ல விரலை வச்சேன். அமுக்க முடியல. நகல் எடுத்துட்டு அழிக்கலாம். அது தெரியாதவன் இல்ல நான். ஆனா நகல்ல இருக்கறது நான் எடுத்த தேதி. அவ அடிச்ச தேதி அந்த வரியிலதான் இருக்கு. ஃபைலை முழுசா அனுப்பிட்டேன். நானூத்திப் பன்னெண்டுல ஒண்ணு, யார் கவனிக்கப் போறாங்கன்னு நெனச்சேன். நெனச்சேனான்னும் நிச்சயமா தெரியல. அந்த மாசம் நான் எதையும் நெனைக்கல.

அந்த ஃபைல் காப்பகத்துக்காரங்ககிட்ட போயிருக்கு. அவங்க ஒவ்வொரு புள்ளிக்கும் படகு அனுப்பிப் பாத்திருக்காங்க. மத்த இடத்தைவிட அங்க ஆறு மடங்கு மீன். அதைச் சுத்திச் சிவப்புக் கோடு போட்டுட்டாங்க.

மனு எழுதறப்பவே எனக்குத் தெரியும். ரேடியோ அண்ணனா இருக்காதுன்னு எழுதினதே போதும்னு விட்டுட்டேன். அது தப்பு.

சர்வே எடுத்தவரே, இந்தப் புள்ளி தப்பா வந்துடுச்சுன்னு எழுதிக் குடுத்து, அந்த வரியை அழிச்சு, திருத்தின மெஷினையும் ஃபைலையும் ஒப்படைச்சா கட்டத்தை மாத்துவாங்களாம். விசாரிச்சுட்டேன். 28ஆம் தேதி வர்றேன். எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன். வரியை அதுக்குள்ள அழிச்சுடறேன்.

மாப்பிள்ளை


மார்ச் 19
(தபால் அட்டை)

வராதீங்க. அந்த மெஷினையும் தொடாதீங்க. நான் எழுதற வரைக்கும் சும்மா இருங்க.

மாமா


ஏப்ரல் 3

மாப்பிள்ளைக்கு,

உங்க கடிதத்தை எடுத்துட்டு ரேடியோ வீட்டுக்குப் போனேன். அவனுக்கு வாசிச்சுக் காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டான். எந்திரிச்சுப் போய் டீ போட்டுக் கொண்டுவந்தான். என் டம்ளர்ல மட்டும் சக்கரை இல்ல. எனக்குத் தண்டனை அவ்வளவுதான்னு புரிஞ்சுது. குடிச்சுட்டு வந்துட்டேன்.

கூட்டத்துல மைக்கைக் குடுத்தாங்க. நீக்கற தாள் கைல இருந்துது. அதை மடிச்சுப் பையில வச்சேன். "ரேடியோ சொல்லல. என் வீட்டுல இருந்துதான் போச்சு. ஒளிச்சு வச்சதுனாலதானே இத்தனை ரகளை, இந்தாங்க"ன்னு எல்லார் முன்னாலயும் நாலு குறியையும் சொன்னேன். இனிமே உங்களுக்கும் எழுதலாம். செங்கல் சூளைப் புகைக்குழாய் தண்ணித் தொட்டிக்குப் பின்னால மறையணும். கலங்கரை விளக்கம் பழைய பாலத்தோட கடைசித் தூணுக்குப் பின்னால மறையணும். அப்போ கடைசி வரிசையில இருந்து ஒரு குரல்: "அண்ணே, தூணுக்கு இடது பக்கம் ஒரு விரக்கடை விடணும்! சொன்னா சரியாச் சொல்லுங்க!" அவன்தான். சனம் சிரிச்சுடுச்சு.

உங்க பேரையும் சொல்லல, பாப்பா பேரையும் சொல்லல.

மறுநாள் காலையில நானும் அவனும் கரையில நின்னோம். அவன் எண்ணினான். முப்பத்தியொரு படகு, ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு. மூணு நாள்ல வலையைப் பாறையில கிழிச்சுட்டு, கிழிஞ்ச வலையை அங்கயே விட்டுட்டு வந்திருக்கானுங்க. முந்தாநாள் ஒருத்தன் கொண்டுவந்த மீன் என் உள்ளங்கை அளவு. நாப்பது வருஷம் நான் அங்க மாசத்துல ரெண்டு தரத்துக்கு மேல போனதில்ல.

அதனால நேத்து காப்பக ஆபீசுக்குப் போய், சிவப்புக் கட்டம் அங்கயே இருக்கட்டும்னு எழுதிக் குடுத்துட்டேன். எதிர்த்து மனு குடுத்த தலைவரே வந்திருக்காரேன்னு அந்த ஆபீசர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டுப் படிச்சார். சங்கத்துல நான் விலை போயிட்டேன்னு பேச்சு. தலைவர் பதவியை விட்டுட்டேன். நாங்க ரெண்டு பேரும் இப்போ தெக்க மணல் பக்கம்தான் போறோம். மீன் இல்ல. அவன் பேச்சு இருக்கு.

அந்தப் புள்ளியை எடுக்காதீங்க. அந்த வரியை அழிக்காதீங்க.

உங்க மேல கோவம் இருக்கு. பாப்பா உங்களுக்குச் சொன்னதுல இல்ல. நான் அவளுக்குச் சொன்னேன், அவ உங்களுக்குச் சொன்னா. அவன் பேர் நாறறப்போ நீங்க டீசல் கணக்குப் போட்டு மனு அனுப்பினீங்களே, அதுல. உங்க முகத்தைப் பாத்தா ஏதாவது சொல்லிடுவேன். கொஞ்ச நாளைக்கு வராதீங்க. ஆனா கடிதம் போடுங்க. பெருசாப் போடுங்க.

அவ அடிச்சதை நான் பாக்கணும். அத்தையும் பாக்கணுங்கறா.

மாமா


ஏப்ரல் 11

மாமாவுக்கும் அத்தைக்கும்,

மெஷினை இதோட அனுப்பியிருக்கேன். ஆபீசுடையது இல்ல, என் சொந்தம். நீங்களே வச்சுக்கோங்க. புள்ளியை எடுக்கல. இருக்கட்டும்னு காப்பக ஆபீசுக்கு நானும் எழுதிட்டேன்.

ரேடியோ அண்ணனுக்குத் தனியா ஒரு கடிதம் போட்டிருக்கேன். அதுல மன்னிப்பு மட்டும்தான் இருக்கு.

எடை ரெண்டு கிலோ கூடியிருக்கு. அத்தைகிட்ட ரெண்டுன்னே சொல்லுங்க.

பாக்கற முறை: பின்பக்க மூடியைக் கழட்டி ரெண்டு பேட்டரியும் போடணும். ஒண்ணு நேரா, ஒண்ணு தலைகீழா. படம் உள்ளயே இருக்கு. இடது பக்கப் பொத்தானை மூணு எண்ணற வரைக்கும் அமுக்கிப் பிடிங்க. திரை வெளிச்சமாகும். கொஞ்ச நேரம் எதையோ தேடற மாதிரி காட்டும், விட்டுடுங்க. அம்புக்குறியைக் கீழ அமுக்கிட்டே வந்தா ஏழாவது வரி. அத்தைக்கு எழுத்துச் சின்னதா இருந்தா கூட்டல் குறியை ரெண்டு தரம் அமுக்கச் சொல்லுங்க. வரிக்கு நேரா 9.42ன்னு இருக்கும். அது அவ அடிச்ச நேரம்.

அழிக்கற பொத்தான் வலது பக்கம் கீழ இருக்கு. அது மேல மூணு சுத்து டேப் ஒட்டியிருக்கேன். பிரிக்க வேண்டாம்.

மாப்பிள்ளை