சபாபதி தாஸ் ரசிகர் மாநாடும் என் ஐந்து நிமிஷமும்

மாசி 20, வியாழன்
விடியலில் பனி, பத்து மணிக்கே வெயில். சட்டைக்குக் கஞ்சி போடச் சொல்ல வேண்டும்.

ஞாயிறன்று அம்பத்தூர் கொட்டகையில் சபாபதி தாஸ் ரசிகர் மாநாடு. மாநாடாம்! நாடகத்துக்கு முன்வரிசை பிடிக்க அடித்துக்கொள்கிற கும்பல், இப்போது பேசவும் போகிறது. காரியதரிசி நடேச முதலியார், அரிசி மண்டிக்காரர். ஆளுக்கு அரை மணி தருவதாக இருந்தார். ஐந்து நிமிஷம், மணி அடித்தால் உட்கார வேண்டும் என்றேன். உளறலை அதற்கு மேல் எவன் சகிப்பது? பள்ளிக்கூட மணியைத் தருவதாகவும் ஒப்புக்கொண்டேன். எனக்கும் ஐந்து நிமிஷம்.

மாசி 21, வெள்ளி
மாலை கள்ளிக்குப்பம். ரங்கம்மாவைப் பார்த்தேன்.

தாஸ் பையனாக ராஜபார்ட் போட்ட காலத்தில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தது. அந்த சீசன் முழுக்கப் படுதாவுக்குப் பின்னால் நின்று பாடியது இந்த அம்மாள். அவன் வாயை மட்டும் அசைத்தான். ஊரே தாஸின் குரல் என்று உருகியது இவள் குரலுக்கு. அப்போது அந்த நாடகக் கம்பெனியில் படுதா இழுத்தவன் நான். பார்த்த சாட்சி இன்று வேறு யாரும் இல்லை. தாஸ் வாயைத் திறக்க மாட்டான்.

"நான் சொன்னா மருமவ சிரிக்கிறா நைனா. கெயவி ஒளறுதுன்றா. நாலு பேர் கீற எடத்துல ஒருவாட்டி என் பேரச் சொல்லு. அது போதும்."

ஞாயிறன்று மேடையில் சொல்கிறேன், மருமகளையும் அழைத்து வா என்றேன்.

மாசி 22, சனி
பேச்சைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். மூன்றே நிமிஷம். இந்த ஜில்லாவில் என்னைப்போல் சுருக்கமாகப் பேச ஆள் கிடையாது. மணியைப் புளி போட்டுத் தேய்த்தாயிற்று.

மாசி 23, ஞாயிறு
புழுக்கம். சோடா மட்டும் நன்றாக இருந்தது.

முதல் ஆசாமி: "அக்கிராசனர் அவர்களே, அக்கிராசனரை முன்மொழிந்த கனவான் அவர்களே, வழிமொழிந்த கனவான் அவர்களே, கொட்டகை உபகரித்த..." மணி. இரண்டாவது, ஆவடி குமாஸ்தா. தனக்குப் பேசத் தகுதியே இல்லை என்று ஐந்து நிமிஷம். நிரூபித்தும் விட்டார். மணி. மூன்றாவது, பூந்தமல்லி வக்கீல். தாஸின் பெயரைச் சொன்னதும் அழுகை. அழுது முடிப்பதற்குள் மணி. மூடர்கள்.

பின்னால் ஒருவன்: "இன்னா மாமே, விசயத்துக்கே வர்ல, அதுக்குள்ள மணி அட்ச்சிட்டான்?"

என் முறை. பெண்கள் பக்கம் ரங்கம்மா, மடிப்புக் கலையாத புடவை. பக்கத்தில் மருமகள்.

இதுவரை ஒருவரும் விஷயத்துக்கு வரவில்லை என்று ஆரம்பித்தேன். முதல் ஆசாமி மாதிரி பேசிக் காட்டினேன். கைதட்டல். ஆவடிக்காரர் கை பிசைந்ததைச் செய்து காட்டினேன். கொட்டகையே சிரித்தது. வக்கீல் மாதிரி அழுதும் காட்டினேன். முதலியார் சிரித்துச் சிரித்து வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்போது விஷயத்துக்கு வருகிறேன்" என்றேன்.

மணி.

இன்னும் ஒரு நிமிஷம் கேட்டேன். "வாத்தியாரே, நீங்க போட்ட சட்டமாச்சே!" என்றார் முதலியார். மறுபடி கைதட்டல். கத்தியாவது ரங்கம்மாவின் பெயரைச் சொல்லியிருக்கலாம். கும்பிட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன்.

வந்தனோபசாரத்துக்கு மணி கிடையாது. அது அரை மணி.

வாசலில் மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாத்தியாரு சோக்கா நடிச்சாரு, இல்ல அத்தே?" என்றாள். ரங்கம்மா என்னைப் பார்க்கவில்லை. மணி அடித்தவன் ஒரு மடையன்.

மாசி 24, திங்கள்
மணியைத் திரும்ப மாட்டியாயிற்று. முதலியார் சொல்லி அனுப்பினார்: அடுத்த வருஷமும் அந்தத் தமாஷ் வேண்டுமாம். அற்பர்கள். என்னையும் சேர்த்துத்தான்.

பள்ளிக்கூடம் விட்டதும் கள்ளிக்குப்பம். மருமகள் மோர் கொடுத்தாள். குடிக்க வெட்கமாக இருந்தது. முதலியாரிடம் இன்றைக்கே போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். ரங்கம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"உடு நைனா. அன்னிக்கி அவனுக்குக் கைதட்னாங்க. நேத்து உனுக்குத் தட்னாங்க. நான் ரெண்டு வாட்டியும் கேட்டுகினுதான் இருந்தேன்."