முள்ளை விட்டுப் போகும் குடும்பம்

அம்மா,

இன்று பெரிய யூகலிப்டஸ் மரத்தடியில் பச்சை இலையைக் கொளுத்திப் புகை போட்டார்கள். அந்த மணம் தேயிலைக் கொழுந்து மலை முழுக்கப் பரவியது. உங்களைக் கொட்டிய தேனீக் கூட்டம் தொங்கிய அதே மரம்தான். கூட்டைக் கலைக்கச் சொல்லி நீங்கள் காலையில் பேர் பதியும் பெரட்டில் நின்று எத்தனை தரம் கேட்டீர்கள்! ஒரு தீக்குச்சி கிழிக்கத் தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு சாவு தேவைப்பட்டது.

விஞ்ஞானப் புத்தகத்தை நான் சத்தமாகப் படித்த மாலை ஞாபகம் வருகிறது. உயிர்களை வகை பிரிக்கும் வரிசை: இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். ரொட்டியைப் புரட்டியபடி நீங்கள், "பூச்சிக்குமா சாதி பாக்குறாங்க? அதுகளாச்சும் நிம்மதியா இருக்கட்டும்டி" என்றீர்கள். நாம் குளவி என்று ஒரே பெயரில் சொல்வதில் இரண்டு குடும்பம் இருக்கிறது, தேனீ கொட்டினால் முள் உடம்பிலேயே நின்றுவிடும், குளவி முள்ளை விடாது என்று விளக்கினேன். "சரி, கொட்ட வர்றப்போ எந்தக் குடும்பம்னு கேட்டுக்கறேன்" என்று சிரித்தீர்கள்.

உங்களைக் கொட்டிய அன்று, பள்ளிக்கூடம் விட்டு வந்த வழியில்தான் உங்களைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கி வந்ததைப் பார்த்தேன். கழுத்தெல்லாம் கறுப்பு முள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் அன்று திறந்தேன்.

"ஐயா, இது தேனீ. முள்ளு உள்ளயே நிக்குது. மொதல்ல அதச் சுரண்டி எடுக்கணும்."

மருந்து கொடுக்கிறவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டொக்டர் என்று கூப்பிட்டால்தான் திரும்புவார். "எது கொட்டுனாலும் ஒண்ணுதான். பெரிய விஞ்ஞானி! தள்ளி நில்லு புள்ள." முள்ளின் மேலேயே களிம்பைப் பூசினார்.

கொழுந்து லொறியில் ஹட்டன் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை கோடு போடும் என் அடிமட்டத்தால் சுரண்டிக்கொண்டே வந்தேன். "வலிக்குதுடி, விடு" என்றீர்கள். விடவில்லை. முன்பே எடுத்திருந்தால் பிழைத்திருப்பீர்களா, எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் அவருக்கு இல்லை.

காரியம் முடிந்ததும் நம் லயத்து வீட்டுக்கு ஆபீஸ் ஆட்கள் சாவை விசாரிக்க வந்தார்கள். எது கொட்டியது, சரியான வகை வேண்டும் என்றார்கள். மருந்து கொடுக்கிற அதே மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தேனீ. குளவி வேற, தேனீ வேற. இந்த சனங்களுக்கு அது வெளங்காது" என்றார். நீங்கள் உயிரோடு இருந்தபோது எல்லாம் ஒன்று. செத்த பிறகுதான் குடும்பம் பிரிப்பார்களாம். இந்த அறிவை எந்தப் பள்ளிக்கூடத்தில் விற்கிறார்கள்?

உங்களுக்குப் பதிலாக இப்போது நான்தான் மலைக்குப் போகிறேன். இடுப்பில் கட்டும் படங்குக்குள் அடிமட்டத்தைச் செருகி வைத்திருக்கிறேன். "என்ன டீச்சர், தேயிலைக்குக் கோடு போடவா?" என்று கங்காணி கேட்பார்.

இன்று புகையில் கலைந்த தேனீக்கள் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்த அக்காவைக் கொட்டிவிட்டன. களிம்போடு அந்த மருந்து கொடுக்கிறவர் வந்தார். "தள்ளு புள்ள" என்றார்.

நான் நகரவில்லை. அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அடிமட்டத்தால் ஒவ்வொரு முள்ளாகச் சுரண்டினேன். முடியும்வரை நின்றார். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.