கொட்டகையில் கட்டாத துணி

முருகன் துணை

ஆலங்குடி
ஹேவிளம்பி வருஷம், ஆனி மாதம்

என் மகன் சோலையப்பனுக்கு ஆத்தா ஆசீர்வதித்து எழுதுவது. பம்பாயில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க விராலிமலையானைக் கும்பிட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை போகவில்லை அப்பா. உன் அப்பா போன வெள்ளிக்கிழமை படுத்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஊரெல்லாம் அடிக்கிற அந்தப் ப்ளூ காய்ச்சல்தான். அரிசி பருப்புக் கணக்கு எழுதிப் பழகிய கைக்கு இதையெல்லாம் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

மதராஸில் காய்ச்சல் என்று பேப்பரில் வந்ததுமே முந்திரிக் கொட்டகை முதலாளி பயந்துபோய், வேலை செய்கிறவர்கள் எல்லோரும் மூக்கையும் வாயையும் துணியால் கட்ட வேண்டும், உடம்பு சுடுகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டார். அப்பாதான் மேஸ்திரி, அவர் தலையில் விழுந்தது. பெண்கள் ஒருத்தியும் கட்டவில்லை. வறுக்கிற புகையில் மூச்சு முட்டுகிறது என்றார்கள், வெற்றிலையை எங்கே துப்புவது என்றார்கள். பிச்சையம்மாள் வாய் உனக்குத் தெரியுமே, மேஸ்திரி ஐயா, பொணத்துக்குத்தான் வாயைக் கட்டுவாங்க, எங்களுக்குப் பாடை எப்ப வருது என்று கேட்டாளாம். அப்பாவும் விடாமல், ஒன் வாயைக் கட்டத்தான் ஆத்தா மொதலாளி துணியே வாங்குனாரு என்றாராம். கொட்டகையே சிரித்ததாம். சிரிப்போடு சரி. கடைசியில் துணி கட்டியது உன் அப்பாவும், அவருக்காக, அங்கேயே கொட்டை உடைக்கிற உன் தங்கச்சி அமராவதியும்தான்.

காலையில் ஒவ்வொருவர் நெற்றியிலும் புறங்கையை வைத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். ஒருநாள் கொட்டை வறுக்கிற இருளாண்டிக்கும் வைத்தார், சுட்டது. அவன், அடுப்பு முன்னாடி நிக்கிறவன் சுடாம குளிருவனாண்ணே என்றானாம். அவன் விடிவதற்கு முன்பே அடுப்புப் பற்றவைக்கிறவன்தானே, அப்பாவும் சரிதான் என்று விட்டுவிட்டார். காய்ச்சல் என்று சொன்னால் அன்றைய கூலி போய்விடும், வீட்டில் அத்தனை வயிறு, அவனையும் நான் என்ன சொல்ல. அன்று மத்தியானம் அவன் அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டான். அப்பாதான் தூக்கி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வண்டியில் ஏற்றிவிட்டார். தண்ணீர் கொடுக்கும்போது தான் பேசுவது அவனுக்கு விளங்கவில்லை என்று தன் துணியைக் கழற்றினாராம். இருளாண்டி பிழைத்து நடமாடுகிறான். புகை தின்ற நெஞ்சு உன் அப்பாவுடையது, காய்ச்சல் அதில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இப்போது கொட்டகையில் என்ன பேச்சு தெரியுமா. துணி கட்டுன மேஸ்திரிக்குத்தான் வந்துச்சு, கட்டாத நமக்கு என்ன வந்துச்சு என்கிறார்களாம். அமராவதியையும் கழற்றச் சொல்லி விரட்டுகிறார்கள். யாரும் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியும், நோயாளியைப் பார்க்காமல் இருப்பது முறையா என்று கூட்டமாக வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இருமுகிறார்கள். வராதீர்கள் என்றால் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்கிறார்கள். பிச்சையம்மாள் வாசலில் நின்றே, என் நாக்குல சனியன் இருக்குக்கா என்று அழுதுவிட்டுப் போனாள். அப்போதும் அவள் வாயில் துணி இல்லை.

பென்சிலின் ஊசி போட்டாயிற்று. நெஞ்சு முழுக்கச் சளி, இனி சாமிதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நேற்று அப்பா கண்ணைத் திறந்து, எல்லாரும் கட்டியிருக்காங்களா என்று கேட்டார். அமராவதி, கட்டியிருக்காங்கப்பா, பிச்சையம்மா கூடக் கட்டியிருக்கு என்று சொன்னாள். நான் சாமி படத்தின் முன்னால் நின்று அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வேண்டுதல் ஒன்றும் வாயில் வரவில்லை. கும்பிடுகிற கை கும்பிடுகிறது, அவ்வளவுதான்.

உன் மில்லில் கட்டச் சொன்னால் கட்டு, யார் சிரித்தாலும் கட்டு. வேளைக்குச் சாப்பிடு. உறைக்குள் திருநீறு வைத்திருக்கிறேன், பூசிக்கொள்.

ஒன்று மட்டும் மறக்காதே. தந்தி வந்தாலும் நீ கிளம்பக் கூடாது. ரயில் முழுக்க இருமல் என்கிறார்கள், வந்து சேருவதற்குள் இங்கே எல்லாம் முடிந்தும் போயிருக்கும். தலைமகன் வராமல் எப்படி என்று ஊர் பேசும், அதை நான் கேட்டுக்கொள்கிறேன். கொள்ளி வைக்க உன் சித்தப்பா மகன் உடையப்பனைக் கேட்டுவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சரி பெரியம்மா என்றான். நீ உயிரோடு நூறு வயது இரு.

உன்னைப் பெற்றவள்
அழகி