மூன்று முறை திரும்பி வந்த ஸ்கூட்டி

என் செல்ல ரீட்டாக்கா,

உன் ஸ்கூட்டியை விற்றுவிட்டோம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை மழுப்பிவிடுவேன்.

விற்கச் சொன்னவளே நீதான். டயாலிசிஸுக்கு மலையிலிருந்து சேலம் போய் வருகிறவர்களுக்கு என் வண்டியை விற்றாவது ஒரு வேன் வாங்கணும் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாய். அதற்காக நம் சபையில் ஆன்லைன் ஏலம் போட்டோம். நாகலூர் காபித்தூள், மிளகு, கடைசியாக உன் சிவப்பு ஸ்கூட்டி. படம் எடுத்து வெப்சைட்டில் போட்டது உன் வீட்டுக்காரர், நம்ம மாமாதான். துடைத்துக் கொடுத்தது நான். சீட்டுக்கு அடியில் உன் மழைக்கோட்டு இருந்தது. அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

முதலில் ஏலம் எடுத்தவர் வெள்ளக்கடை ஊர்க்காரர். பணத்தைக் கட்டிவிட்டு, "வண்டி எனக்கெதுக்குங்க, மறுக்கா ஏலத்துல போடுங்க" என்றார். சர்ச்சில் அறுப்புப் பண்டிகைக்கு ஏலம் எடுத்த பூசணிக்காயை, மறுபடி ஏலம் போட்டு இன்னும் பணம் சேரட்டும் என்று திருப்பிக் கொடுப்போமே, அதே பழக்கம். அடுத்து எடுத்த டீச்சரும் அப்படியே செய்தார். அப்புறம் இன்னொருவர். ஒவ்வொரு தரமும் வண்டி நம் வாசலிலேயே நின்றது. எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். திட்டாதே.

ஆனால் வெப்சைட்டில் 'நான்காம் முறை ஏலத்துக்கு வருகிறது' என்று தானாகவே விழுந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள்? ஒருவரும் சீந்தவில்லை. உள்ளூரில் எல்லோரும் கொடுத்தாயிற்று, வேனுக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தது. கடைசி நாள் ஓசூரிலிருந்து ஒரு பெண் போன் செய்து, இத்தனை பேர் வேண்டாமென்ற வண்டியில் அப்படியென்ன கோளாறு என்று கேட்டாள். மாமா போனை என்னிடம் நீட்டினார்.

"வண்டில ஒரு கோளாறும் இல்லீங்க. ஓட்டிட்டிருந்த எங்கக்காதான் இல்லீங்க."

பிறகு பூசணிக்காயில் தொடங்கி உன் கதை முழுக்கச் சொன்னேன். சாயங்காலம் அவளே ஏலத்தில் எடுத்தாள். திருப்பித் தரமாட்டேன், நான்தான் ஓட்டுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நேற்று வந்து எடுத்துப் போனாள். வாசலைத் தாண்டும்போது உன்னை மாதிரியே தேவையில்லாமல் ஹாரன் அடித்தாள். நான் உள்ளே போய் அழுதேன்.

அக்கா, ஒன்று கேட்கணும். இரண்டு வருஷம், வாரத்துக்கு மூன்று நாள், டயாலிசிஸுக்கு ஊசி குத்திய கையோடு சேலம் பஸ்ஸில் தனியாகவே போய் வந்தாய். மாமாவுக்கு எஸ்டேட்டில் லீவு கிடைக்காது. எனக்கு என்ன வந்தது? "நீ எதுக்கு கண்ணு, ஊட்டுல வேலை கெடக்குது" என்பாய். நானும் சரியென்று நின்றுவிடுவேன். நீ உண்மையாகவே வேண்டாமென்றுதான் சொன்னாயா?

திங்கட்கிழமை வேன் கிளம்புகிறது. முதல் ஆள் கொட்டச்சேடு செல்லம்மா. துணைக்கு யாரும் வேண்டாம் என்கிறார், உன்னைப் போலவே. இந்தத் தடவை அந்தப் பேச்சை நான் கேட்கப்போவதில்லை. உன் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிடுவேன். போகும்போதும், வரும்போதும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூட வராத தங்கச்சி,
மேரி